முடி விழுந்த மாடி: பாரிஸ் கார்னவாலே அருங்காட்சியகம்

பாரிஸுக்குப் போகிறவர்கள் புரட்சியைத் தேடி முதலில் ஓடுவது பாஸ்டில் சதுக்கத்துக்கு. 1789 ஜூலை 14 அன்று மக்கள் தாக்கிய பாஸ்டில் சிறைக்கோட்டை இப்போது அங்கே இல்லை. நடுவில் நிற்கும் தூணும் 1789க்கு உரியதல்ல; 1830 ஜூலைப் புரட்சியில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. அதன் முன் நின்று படம் எடுத்து, "மன்னராட்சி கவிழ்ந்தது இங்கேதான்" என்று போடும் பதிவில் இரண்டு பிழை. இடமும் தப்பு, நாளும் தப்பு.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால், மரே பகுதியில், செவிஞே தெரு 23ஆம் எண்ணில் கார்னவாலே இருக்கிறது. பாரிஸ் நகரத்தின் வரலாற்று அருங்காட்சியகம். 1880இல் திறந்தார்கள், 2016இல் மூடிப் பழுதுபார்த்து 2021 மே மாதம் மறுபடி திறந்தார்கள். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. புரட்சிக்கென்று இரண்டாம் மாடியை ஒதுக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சு முடியாட்சியின் வீழ்ச்சியை ஏட்டில் படித்துவிட்டு, அதன் மிச்சங்களைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்ததற்கான காரணம் போகப் போக வரும்.

போகும் வழியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருப் பக்கம் தங்கியிருப்பவர்கள் கார் தி நோர் நிலையத்தில் 5ஆம் எண் மெட்ரோ பிடித்தால் மாறாமல் பாஸ்டிலில் இறங்கலாம். இறங்கியதும் மேலே ஓடிவிடாதீர்கள். பொபிஞ்ஞி திசை நடைமேடைச் சுவரை ஒட்டிக் கருத்த பழைய கல் வரிசை தெரியும். கோட்டையின் அகழியைத் தாங்கிய வெளிச்சுவர் அது. நிமிடத்துக்கு நூறு பேர் அதைக் கடந்து போகிறார்கள், திரும்பிப் பார்ப்பவர் அபூர்வம். நேராகக் கார்னவாலே மட்டும் போதும் என்றால் 1ஆம் எண் மெட்ரோவில் சென் போல் நிலையம்; ஐந்து நிமிட நடை.

திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. இலவசம் என்பதால் சனி, ஞாயிறு பிற்பகலில் கூட்டம் நெரியும். வார நாளில் காலை பத்துக்குப் போய் நின்றால் புரட்சி அறைகளைக் கிட்டத்தட்டத் தனியாகப் பார்க்கலாம். தற்காலிகக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட். வாசலில் அந்த வரிசையில் தெரியாமல் போய் நின்றுவிட வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கீழ்த்தளத்திலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்குவது. மொத்தப் பாதை ஒன்றரை கிலோமீட்டர். காட்சியில் இருக்கும் பொருள்கள் சுமார் 3,800. கற்காலப் படகிலிருந்து தொடங்கி, பழைய கடைப் பலகைகளை ரசித்து, பதினெட்டாம் நூற்றாண்டு வரவேற்பறைகளின் தங்கப் பூச்சில் மயங்கி, இரண்டாம் மாடிக்கு ஏறும்போது காலும் கண்ணும் ஓய்ந்திருக்கும். நேராக மேலே போங்கள். லிஃப்ட் உண்டு. புரட்சி அறைகளுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு, மீதியை இறங்கி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இது ஒட்டவைத்த இரண்டு மாளிகை: பதினாறாம் நூற்றாண்டின் கார்னவாலே, 1688இல் கட்டிய லெ பெலத்தியே தெ சென் ஃபார்ஜோ. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் வழி குழம்பும். வாசலில் கொடுக்கும் வரைபடத்தை மடித்துப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருங்கள்.

மாடி ஏறுமுன் முற்றத்தில் ஒரு நிமிடம். நடுவில் 14ஆம் லூயியின் வெண்கலச் சிலை, குவாஸ்வோ வடித்தது. பழைய நகராட்சி மாளிகையில் இருந்தது. 1792 ஆகஸ்டில் பாரிஸ் சதுக்கங்களில் இருந்த அரசர் சிலைகளைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டபோது தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றில் இது ஒன்று. மேலே பார்க்கப்போவது எல்லாம் தப்பாதவற்றின் கதை.

முதலில் கண்ணில் படும் பெரிய படம், லெ பார்பியே வரைந்த மனித உரிமைப் பிரகடனம். பாடப்புத்தகத்தில் எல்லாரும் பார்த்ததுதான். மூலம் இங்கே இருக்கிறது. மோசேயின் கற்பலகைகளைப் போல இரண்டு பலகை, அவற்றில் 17 பிரிவுகள். இடப்பக்கம் சங்கிலியை உடைக்கும் பெண், வலப்பக்கம் இறக்கை முளைத்த தேவதை, நடுவில் ஈட்டி முனையில் சிவப்புத் தொப்பி. அழகை ரசித்துவிட்டு நகராமல் மூன்றாம் பிரிவைத் தேடுங்கள். இறையாண்மை முழுவதும் தேசத்திடம் இருக்கிறது, தேசத்திடமிருந்து வராத அதிகாரத்தை எவரும் செலுத்த முடியாது என்கிறது அது. 1789 ஆகஸ்டில் இதை நிறைவேற்றியபோது அரசர் 16ஆம் லூயி அரியணையில்தான் இருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலை இந்த ஒரு பிரிவு அறுத்துவிட்டது. நாற்காலி சாய மூன்று வருடம் பிடித்தது.

பக்கத்தில் டென்னிஸ் அரங்கச் சத்தியம், 1789 ஜூன் 20: அரசியலமைப்பு எழுதாமல் கலையமாட்டோம் என்று மக்கள் பிரதிநிதிகள் எடுத்த உறுதி. ஓவியர் தாவித் போட்ட வரைபடத்தை வைத்து அவர் வட்டத்தில் தீட்டியது. எல்லாரும் கை நீட்டி உறுதி எடுக்கிறார்கள், மேசை மேல் நின்று மன்றத் தலைவர் பாயி வாசிக்கிறார். வலது ஓரத்தில் கீழே ஒருவர் மட்டும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மார்தான் தோஷ். அரசர் ஒப்பாத எதற்கும் சத்தியம் செய்யமாட்டேன் என்று மறுத்த ஒரே உறுப்பினர். மேலே இடப்பக்கம் திரைச்சீலை காற்றில் படபடக்கிறது, வெளியே மின்னல். தாவித் பெரிய ஓவியத்தை முடிக்கவே இல்லை. முடிக்குமுன் படத்தின் நாயகர்கள் துரோகிகளாகிவிட்டார்கள். அரசருடன் உறுப்பினர் மிராபோ ரகசியத் தொடர்பு வைத்திருந்தது அவர் செத்த பிறகு வெளிப்பட்டது. பாயியும் இன்னோர் உறுப்பினர் பார்னாவும் 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் போனார்கள்.

அடுத்தது பாஸ்டில் பகுதி. கூட்டம் நிற்பது இங்கேதான், நியாயமும் கொஞ்சம் உண்டு. கோட்டையின் கல்லிலேயே செதுக்கிய கோட்டை மாதிரி ஒன்று இருக்கிறது, எட்டுக் கோபுரத்தோடு. இடிப்பு வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் பலுவா, புரட்சியின் முதல் வியாபாரி. நாட்டின் 83 மாவட்டங்களுக்கும் ஆளுக்கொரு மாதிரி அனுப்பினார். மிச்சக் கல்லிலும் இரும்பிலும் மைக்கூடு, பதக்கம் என்று செய்து தள்ளினார். இன்னும் மிஞ்சிய கல் கான்கார்ட் பாலத்துக்குப் போனது. கோட்டைச் சாவிகளும் இங்கே உண்டு. பிரதான சாவி என்று பேர் பெற்றது மட்டும் கடல் தாண்டிவிட்டது. பாரிஸ் தேசியக் காவல்படைத் தலைவர் லஃபாயெத் அதை அமெரிக்க அதிபர் வாஷிங்டனுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் வீட்டில் இன்னும் தொங்குகிறது.

யூபேர் ரொபேரின் படம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள்: இடிப்பு தொடங்கிய முதல் நாள்களில் பாஸ்டில். கோட்டை மலைபோல் நிற்கிறது. உச்சியில் எறும்பு மாதிரி ஆள்கள் கல்லைப் பெயர்த்து அகழியில் தள்ளுகிறார்கள், புகை கிளம்புகிறது. அந்த அளவு வித்தியாசம்தான் ஓவியர் சொல்ல வந்தது. அருகில் லத்யூட் என்ற கைதியின் உருவப்படம். 1756இல் நூலேணி கட்டித் தப்பியவர். ஏணி ஒரு கைப்பக்கம், மறு கை இடிபடும் கோட்டையைச் சுட்டுகிறது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த அறையின் பளபளப்பில் மயங்கினால் கணக்கு தப்பும். 1789 ஜூலை 14 அன்று பாஸ்டிலுக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர்: நாலு பேர் கள்ளக் கையெழுத்துக்காரர்கள், இரண்டு பேர் புத்தி பேதலித்தவர்கள், ஒருவர் குடும்பமே அடைத்து வைக்கச் சொன்ன பிரபு. கூட்டம் அவர்களை விடுவிக்கப் போகவில்லை. காலையில் இன்வாலிட் மாளிகையிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்பாக்கி எடுத்தாகிவிட்டது. துப்பாக்கிக்கு மருந்து இல்லை. மருந்துப் பீப்பாய்கள் 250 பாஸ்டிலுக்கு மாற்றப்பட்டிருந்தன. கோட்டைக் காவலில் இருந்தவர்கள் வயசான சிப்பாய்கள் 82 பேர், சுவிஸ் வீரர்கள் 32 பேர். தாக்கியவர்களில் நூறு பேர் அளவில் இறந்தார்கள். அரசருக்கு அன்று போனது பாரிஸ். முடி போகவில்லை. மூன்று நாள் கழித்து அவரே நகரத்துக்கு வந்து மூவண்ணக் குஞ்சத்தைத் தொப்பியில் குத்திக்கொண்டார், மக்கள் "அரசர் வாழ்க" என்றார்கள்.

ஒரு மதிப்பெண் குறைத்த இடம் இதுதான். ஏன் நடந்தது என்பதற்கு இந்த மாடியில் விடை மெலிவு. அருங்காட்சியகத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கடனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க வழியில்லை. அதனால் நாலு எண்களை மனசில் எழுதிக்கொண்டு போங்கள். 1788இல் அரசின் செலவு சுமார் 629 மில்லியன் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), வரவு 503 மில்லியன். துண்டு விழுந்தது 126 மில்லியன். செலவில் 318 மில்லியன், அதாவது பாதிக்கும் மேல், பழைய கடனுக்கே போனது. ராணியின் நகையும் உடையும் கஜானாவைக் காலி செய்ததாக அன்றைய துண்டுப்பிரசுரங்கள் கத்தின. கணக்குப் புத்தகத்தில் அரசவைச் செலவு மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான். குடித்தது போர், முக்கியமாக இங்கிலாந்தை வெட்ட அமெரிக்காவுக்குச் செய்த உதவி. அதற்கே நூறு கோடி லிவ்ருக்கு மேல். இதோடு 1788 ஜூலை 13 ஆலங்கட்டி மழை, பொய்த்த விளைச்சல். 1789இல் பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி பதினாலரை சூ (லிவ்ரில் இருபதில் ஒரு பங்கு) வரை ஏறியது. சாதாரணக் கூலிக்காரரின் நாள் கூலி 20 முதல் 30 சூ. சாதாரண நாளில் அதே ரொட்டி எட்டு, ஒன்பது சூ. வீட்டு அடுப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஜூலையில் நகரம் ஏன் வெடித்தது என்பது புரியும். வரி கட்டாத பிரபுக்களிடம் வரி கேட்க வழியில்லாமல்தான் அரசர் 1614க்குப் பிறகு கூட்டாத, மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் அடங்கிய மூவர்க்க மன்றத்தைக் கூட்டினார். அங்கே தொடங்கியது வினை.

இன்னொரு குறையும் உண்டு. இது பாரிஸின் அருங்காட்சியகம், எனவே கிராமம் கிடையாது. 1789 கோடையில் பிரபுக்களின் பத்திரங்களைக் குடியானவர்கள் எரித்தது, அந்தப் பயத்தில் ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களே சலுகைகளைக் கைவிட்டது எல்லாம் ஓரமாகத்தான் வருகிறது.

அக்டோபர் 5ஐ மறந்துவிடாமல் தேடுங்கள். சந்தைப் பெண்கள் மழையில் இருபது கிலோமீட்டர் நடந்து வெர்சாய்க்குப் போய், மறுநாள் அரச குடும்பத்தையே பாரிஸுக்குக் கூட்டிவந்தார்கள். அரசரையும் ராணியையும் இளவரசனையும் "ரொட்டிக்காரர், ரொட்டிக்காரி, ரொட்டிக்காரப் பையன்" என்று பாடிக்கொண்டு வந்தார்கள். லூயி அதற்குப் பிறகு வெர்சாய் வாசலை மிதிக்கவே இல்லை. துய்லரி அரண்மனையில் குடியேற்றினார்கள்; பேருக்கு அரண்மனை, உள்ளபடி வீட்டுக் காவல்.

1791 ஜூன் 20 இரவு அங்கிருந்து தப்பியதுதான் அவர் செய்த மாபெரும் தவறு. பெரிய பாரமான வண்டி, வேலைக்காரன் வேஷம், மணிக்கணக்கில் தாமதம். சென்ட் மெனூல் அஞ்சல் நிலைய அதிகாரி துருவே அடையாளம் கண்டு முந்திக் குதிரையில் போனார், வாரென் ஊரில் பாலத்தை அடைத்தார்கள். பிடிபட்டதைவிட மோசம், புறப்படுமுன் மேசையில் வைத்துவிட்டு வந்த அறிக்கை. 1789 முதல் ஒப்புக்கொண்டது எல்லாம் கட்டாயத்தால் என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். அதுவரை கெட்டவர்கள் மந்திரிகள், அரசர் நல்லவர் என்று நம்பியவர்களுக்கு இனி நம்ப ஒன்றும் இல்லை. அந்த வாரத்துக் கேலிப்படங்களில் அரச குடும்பம் பன்றிக் கூட்டமாக மாறியது. அச்சுப் படங்களும் காகிதங்களும் வெளிச்சம் படப் பட வெளிறும் என்பதால் எந்த அருங்காட்சியகமும் அவற்றை மாற்றி மாற்றித்தான் வைக்கும். நீங்கள் போகும் நாளில் எது சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாரிஸ் நகர அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் முன்கூட்டியே தேடிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது, அதுவும் இலவசம்.

அப்படித் தேட வேண்டிய முதல் காகிதம், இந்த விமர்சனம் எழுதக் காரணமான காகிதம், ஒரு சின்னத் தாள். பொன் முத்திரை இல்லை, நாடா இல்லை. "சுவிஸ் வீரர்கள் உடனே ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று அரசர் ஆணையிடுகிறார்." கீழே "லூயி". அவ்வளவுதான். 1792 ஆகஸ்ட் 10. பிரெஞ்சு அரசர் என்ற முறையில் 16ஆம் லூயி இட்ட கடைசிக் கட்டளை இது.

இந்தத் தாள் எழுதப்பட்ட விதத்தை மணி வாரியாகத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். ஏப்ரலில் ஆஸ்திரியாவோடு போர் தொடங்கியிருந்தது, தோல்வி மேல் தோல்வி. அரச குடும்பத்தைத் தொட்டால் பாரிஸையே தரைமட்டமாக்குவோம் என்று எதிரிப் படைத்தலைவர் பிரன்ஸ்விக் ஜூலை 25 அன்று அறிக்கை விட்டார். காப்பாற்ற நினைத்து விட்ட அறிக்கை, கழுத்தில் கயிறு போட்டது. பாரிஸின் 48 பேட்டைகளில் 47 அரசரை நீக்கச் சொல்லின. ஜூலை இறுதியில் மார்செய்த் தொண்டர் படை வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 9 நள்ளிரவில் அபாய மணி. அரண்மனைக் காவலுக்குப் பொறுப்பான மாந்தாவை நகராட்சி மன்றத்துக்கு அழைத்துக் கொன்றுவிட்டார்கள், தேசியக் காவல்படைக்குத் தலைமை இல்லாமல் போனது. காலை எட்டரை மணி வாக்கில் அரசர் குடும்பத்தோடு தோட்டத்தைக் கடந்து, பக்கத்திலிருந்த சட்டமன்ற மண்டபத்தில் தஞ்சம் புகுந்தார். போகும்போது செய்யாமல் விட்ட ஒரு காரியம்: பின்னால் நின்ற சுமார் 900 சுவிஸ் வீரர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காக்க வேண்டிய அரசர் உள்ளே இல்லை, காவலை விடவும் உத்தரவு இல்லை. சண்டை மூண்டது. முதலில் சுவிஸ் படை முற்றத்தைத் துப்புரவாக்கியது. சட்டமன்றத்தில் நிருபர்கள் உட்காரும் கூண்டுக்குள் ஒடுங்கியிருந்த அரசருக்கு வெடிச்சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். எழுத்தில் வேண்டும் என்று சுவிஸ் அதிகாரி கேட்டார். அப்போது எழுதியதுதான் இந்தத் தாள்.

ஒரு மணி நேரம் முன்னால் எழுதியிருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும். எழுதிய நேரத்தில் அது மரண ஓலை. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களைக் கூட்டம் சும்மா விடவில்லை. இறந்த சுவிஸ் வீரர்கள் சுமார் 600 பேர். தாக்கிய பக்கம் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் நானூறுக்குக் கொஞ்சம் குறைவு. சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டும் லூசர்ன் பாறைச் சிங்கம் இவர்களுக்குத்தான். அதன் கீழ் ரோம எண்ணில் பொறித்த கணக்கு 760 பேர் என்கிறது. கல்லில் வெட்டியது எல்லாம் சரியான கணக்கு என்று நினைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 10க்கு நம் பக்கத்தில் ஒரு முன்கதை உண்டு. சரியாக நாலு வருடம் முன்பு, 1788 ஆகஸ்ட் 10 அன்று, புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிப் போன திப்பு சுல்தானின் தூதர்களை இதே லூயி வெர்சாயில் ஆடம்பரமாக வரவேற்றார். கேட்டது படை உதவி, கிடைத்தது பீங்கான். கஜானாவில் இருந்தது அவ்வளவுதான்.

அடுத்த பகுதிக்குப் போகுமுன் தமிழுக்கே வாய்த்த ஒரு வேடிக்கை. முடி என்றால் கிரீடம், முடி என்றால் மயிர். இந்த அருங்காட்சியகத்தில் இரண்டும் பொருந்தும். விழுந்த கிரீடத்தின் கதையும் உண்டு; அரசர், ராணியின் தலைமுடிக் கற்றைகளும் சேகரிப்பில் உண்டு. பக்தர்கள் திருநீறு போலப் பாதுகாத்தவை.

தாம்ப்ள் கோட்டைப் பொருள்கள் மனசைப் பிசையும், பிசையத்தான் வைத்திருக்கிறார்கள். 1792 ஆகஸ்ட் 13 முதல் அரச குடும்பத்தை அங்கே அடைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய தட்டுமுட்டுச் சாமான்கள், இளவரசனின் விளையாட்டுச் சாமான்கள், எழுத்துப் பயிற்சித் தாள். அரசர் காலையில் மகனுக்கு லத்தீனும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தார். டிசம்பரில் கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார்கள். இந்தப் பொருள்களில் கணிசமானவை அரச விசுவாசிகள் பொத்திப் பொத்திச் சேர்த்தவை என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். 1789இல் ரொட்டி கிடைக்காமல் செத்த குழந்தையின் பொம்மையை எவரும் எடுத்து வைக்கவில்லை. பேழை பொய் சொல்லாது, ஆனால் பாதிக் கதைதான் சொல்லும்.

அரசர் மீதான விசாரணையின் கதைக்கு இந்தக் கட்டடமே சாட்சி. நவம்பரில் துய்லரிச் சுவருக்குள் மறைத்திருந்த இரும்புப் பெட்டி, அதைச் செய்ய உதவிய பூட்டுத் தொழிலாளி கமேன் காட்டிக்கொடுத்ததால் வெளிப்பட்டது. உள்ளே ரகசியக் கடிதங்கள். ஜனவரி வாக்கெடுப்பில் மரணத்துக்கு 387, எதிராக 334. ஒவ்வோர் உறுப்பினரும் மேடையேறி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரணத்துக்கு வாக்களித்தவர்களில் அரசரின் சொந்த உறவினர் ஓர்லெயான் கோமகனும் ஒருவர், இன்னொருவர் லெ பெலத்தியே தெ சென் ஃபார்ஜோ. மேலே சொன்ன இரண்டாவது மாளிகை அவர் குடும்பத்துடையது. ஜனவரி 20 மாலை பலே ரொயாலில் ஓர் உணவகத்தில், முன்னாள் அரச காவலன் ஒருவன் அவர் வாக்களித்தது உண்மையா என்று கேட்டு வாளைச் செருகினான். மறுநாள் காலை பத்து இருபது வாக்கில் லூயியின் தலை விழுந்தது. இரண்டு சாவுக்கும் காரணம் அந்த ஒரே வாக்கெடுப்பு. அவர் வீட்டு மாடியில் நின்றுகொண்டுதான் அரசரின் சாமான்களைப் பார்க்கிறோம். விளக்கப் பலகைகள் இதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

கடைசி அறைகளில் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியேர் பாதியில் நிறுத்திய கையெழுத்து, "Ro" என்ற இரண்டே எழுத்தோடு. தாளில் உள்ள கறை இரத்தமா என்ற வாதம் ஓயவில்லை. முடியாட்சி முடிந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழிந்த கதை அது. அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். யூபேர் ரொபேர் வரைந்த இன்னொரு படத்தை மட்டும் விடாதீர்கள்: 1793 அக்டோபரில் சென் தெனி தேவாலயத்தில் அரச கல்லறைகளைத் தோண்டும் காட்சி. பெரிய பள்ளம், சின்ன மனிதர்கள். பாஸ்டில் படத்தில் மேலே நின்றவர்கள் இதில் கீழே இறங்கியிருக்கிறார்கள்.

விளக்கங்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல செய்தி: பத்தில் ஒரு பங்கு பொருளைச் சிறுவர் கண் உயரத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

ராணியை அடைத்து வைத்திருந்த கொன்சியேர்ஜரிச் சிறையையும் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கட்டணம் உண்டு. பதினாலாம் நூற்றாண்டு வீரர் மண்டபத்துக்காகவே கொடுக்கலாம். ராணி மேரி அன்டாய்னெட்டின் அறைக்காக மட்டும் போனால் ஏமாற்றம். 1793 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 16 வரை அவர் இருந்த அறையை 18ஆம் லூயி பரிகார ஆலயமாக மாற்றிவிட்டார். தாம்ப்ள் கோட்டையை 1808 முதல் இடித்தார்கள், இப்போது பூங்கா. துய்லரி அரண்மனையை 1871இல் எரித்தார்கள், 1883இல் சுவரையும் அகற்றினார்கள். முடி விழுந்த இடங்களில் முக்கால்வாசி இன்று புல்தரை.

மீதி நேரம் இருந்தால் சென் போல் நிலையத்தில் 1ஆம் எண் மெட்ரோ ஏறி ஐந்தாவது நிறுத்தம், துய்லரி, இறங்குங்கள். ரிவோலி தெரு 230ஆம் எண்ணுக்கு எதிரே, தோட்ட வேலியின் தூண் ஒன்றில் சின்னப் பலகை பதித்திருக்கிறது. குதிரைப் பயிற்சிக்காகக் கட்டி, பிறகு சட்டமன்றமான மானேஜ் மண்டபம் அங்கேதான் இருந்தது. ஆகஸ்ட் 10 அன்று லூயி கூண்டுக்குள் உட்கார்ந்து அந்தத் தாளில் கையெழுத்திட்டது அங்கே. செப்டம்பர் 21 அன்று முடியாட்சியை ஒழித்தது அங்கே. அவரை நிறுத்தி விசாரித்ததும் சாவுக்கு வாக்களித்ததும் அதே கூரையின் கீழ். பலகை ஆள் உயரத்தில்தான் இருக்கிறது. எதிரே பெரிய ஓட்டல் வாசலில் வந்து நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களுக்குத் தெரியாது.